நியூசிலாந்தின் ஓர் ஆண்டு: ஒரு வகுப்புப் பயிற்சியும் ஆய்வு வடிவமைப்பும்

2012ஆம் ஆண்டின் பிற்பகுதியில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆம்ஹெர்ஸ்ட் வளாகத்தில், பொருளாதாரத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த மாணவர்களுக்கு ஒரு பயிற்சி கொடுக்கப்பட்டது. வெளியாகிவிட்ட ஆய்வுக் கட்டுரை ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். அதன் தரவைத் தேடிப் பிடிக்க வேண்டும். கட்டுரையில் அச்சாகியிருக்கும் அதே விடை வருகிறதா என்று மறுபடி கணக்கிட்டுக் காட்ட வேண்டும். புதிதாக எதையும் கண்டுபிடிக்கச் சொல்லவில்லை. தாமஸ் ஹெர்ன்டன் என்ற மாணவர், கார்மென் ரெயின்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற பொருளாதார வல்லுநர்கள் இருவரும் அரசுக் கடனையும் பொருளாதார வளர்ச்சியையும் பற்றி 2010இல் எழுதிய கட்டுரையை எடுத்தார். விடை வரவில்லை. ஏன் வரவில்லை என்று அவர் விடாமல் தேடியதன் முடிவு 2013 ஏப்ரல் மாதத்தில் வெளியானபோது, பல நாட்டு நிதியமைச்சகங்களில் எடுத்தாளப்பட்டுவந்த ஓர் எண் ஆட்டம் கண்டது.

இந்த நிகழ்வைப் பலரும் 'எக்செல் பிழை' என்றே அறிந்திருக்கிறார்கள். ஆய்வு முறையியல் கற்கும் மாணவர்களிடம் அந்தப் பெயரோடு இது போய்ச் சேர்வது எனக்கு உறுத்தலாக இருக்கிறது. எக்செல்லில் நேர்ந்த தவறு, இறுதி விடையில் மிகச் சிறிய பங்கையே வகித்தது. விடையைப் புரட்டிப் போட்டவை ஆய்வாளர்கள் தெரிந்தே எடுத்த தீர்மானங்கள்: எந்த ஆண்டுகளைச் சேர்ப்பது, எவற்றை விடுவது, எதற்கு எவ்வளவு நிறை (சராசரியில் அதற்குரிய பங்கு) கொடுப்பது. ஒரு மாணவர் தன் முதல் ஆய்வுத் திட்டத்தை எழுத உட்காரும்போது எதிர்கொள்வதும் இதே தீர்மானங்களைத்தான். ஆகவே இந்த நிகழ்வை ஒரு சுவையான தவறின் கதையாக விட்டுவிடாமல், கணக்கைப் பிரித்துப் பார்த்து எழுதுகிறேன்.

கட்டுரை சொன்னது

ரெயின்ஹார்ட், ரோகாஃப் இருவரும் நிதி நெருக்கடிகளின் வரலாற்றை ஆராய்ந்து பெயர் பெற்றவர்கள். ரோகாஃப் 2001 முதல் 2003 வரை பன்னாட்டு நாணய நிதியத்தின் தலைமைப் பொருளாதார வல்லுநராக இருந்தவர். பல நாடுகளின் பொதுக் கடன் குறித்த நீண்டகாலத் தரவைத் தேடித் தொகுத்தது அவர்களுடைய பெரும் உழைப்பு; அதை யாரும் குறைத்துப் பேச முடியாது.

2010இல் அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ இதழின் மாநாட்டுக் கட்டுரைத் தொகுதியில் வந்த அவர்களுடைய கட்டுரை மிகச் சிறியது. வளர்ந்த நாடுகள் 20. காலம் 1946 முதல் 2009 வரை. ஒவ்வொரு நாட்டின் ஒவ்வோர் ஆண்டையும், அந்த ஆண்டில் அரசின் கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் எத்தனை சதவீதம் என்று பார்த்து நான்கு பிரிவுகளில் போட்டார்கள்: 30க்குக் கீழ், 30 முதல் 60, 60 முதல் 90, 90க்கு மேல். ஒவ்வொரு பிரிவிலும் சராசரிப் பொருளாதார வளர்ச்சி எவ்வளவு என்று கணக்கிட்டார்கள். விடைகள் முறையே 4.1, 2.8, 2.8, −0.1 சதவீதம்.

கடைசி எண்தான் உலகத்தைச் சுற்றியது. கடன் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி சரிந்து, பொருளாதாரம் சுருங்கவே தொடங்கிவிடும் என்று அதைப் படித்தவர்கள் புரிந்துகொண்டார்கள். 2008 நெருக்கடிக்குப் பின் அரசுகள் கடனில் தத்தளித்த நேரம் அது. 2010 பிப்ரவரியில் பிரிட்டனில் அப்போது எதிர்க்கட்சியில் இருந்த ஜார்ஜ் ஆஸ்போர்ன் தம் உரையில் இவர்களை மேற்கோள் காட்டினார். அமெரிக்க நாடாளுமன்றத்தில் பால் ரயன் முன்வைத்த வரவுசெலவுத் திட்டமும், ஐரோப்பிய ஆணையத்தின் ஒல்லி ரெனும் 90 சதவீதத்தைப் பற்றிப் பேசினார்கள். சிக்கன நடவடிக்கை வேண்டும் என்று வாதிட்டவர்களுக்கு இந்தக் கட்டுரை ஒரே காரணமாக இருந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் அவர்கள் கையில் எண்ணாக இருந்தது இதுதான்.

ஒரு தகவலை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த மாநாட்டுத் தொகுதியில் வந்த கட்டுரைகள், அதே இதழின் வழக்கமான கட்டுரைகளைப் போலத் துறை வல்லுநர்களின் மதிப்பாய்வுக்கு உட்படுத்தப்படவில்லை. இதழின் பெயரை மட்டும் பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு தெரியாது. ஒரு கட்டுரையை மேற்கோள் காட்டும் முன் அது எந்த வாயில் வழியாக உள்ளே வந்தது என்று பார்ப்பதும் முறையியலின் ஒரு பகுதி.

வகுப்பில் நடந்தது

மைக்கேல் ஆஷ், ராபர்ட் போலின் ஆகிய இருவரும் நடத்திய பயன்பாட்டுப் பொருளாதார அளவியல் வகுப்பு அது. ஹெர்ன்டன் பொதுவெளியில் கிடைத்த தரவை வைத்துக்கொண்டு கட்டுரையின் எண்களை எட்டிப் பிடிக்க முயன்றார். மற்றப் பிரிவுகளில் விடை ஓரளவு நெருங்கியது. 90க்கு மேற்பட்ட பிரிவில் நெருங்கவே இல்லை. புகழ்பெற்ற இரண்டு பேராசிரியர்களின் கட்டுரை ஒரு பக்கம், ஒரு மாணவரின் வீட்டுப் பாடம் இன்னொரு பக்கம் என்றால் யார் தவறு செய்திருப்பார் என்று எண்ணத் தோன்றும்? மாணவரும் அப்படித்தான் எண்ணினார், ஆசிரியர்களும் அப்படித்தான் எண்ணினார்கள். திரும்பப் போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். திரும்பப் போட்டாலும் அதே விடைதான் வந்தது.

இந்தக் கட்டத்தில் ஆசிரியர்கள் செய்தது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. 'வேறு கட்டுரையை எடுத்துக்கொள், நேரம் போகிறது' என்று சொல்லியிருக்கலாம். பருவத் தேர்வு நெருங்கும்போது பெரும்பாலான வகுப்புகளில் அதுதான் நடக்கும். அவர்கள் வித்தியாசத்தின் மூலத்தைக் கண்டுபிடிக்கும் வரை தொடரச் சொன்னார்கள். கடைசியில் ஹெர்ன்டன் கட்டுரையாசிரியர்களுக்கே எழுதிக் கேட்டார். அவர்கள் தாங்கள் பயன்படுத்திய எக்செல் கோப்பை அனுப்பிவைத்தார்கள். பல ஆய்வாளர்கள் இத்தகைய கடிதத்துக்குப் பதில்கூடப் போடுவதில்லை. தங்களுக்கே பாதகமாக முடிந்த அந்த வெளிப்படைத்தன்மைக்காக ரெயின்ஹார்ட்டையும் ரோகாஃபையும் மதிக்க வேண்டும்.

கோப்பைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது வரிசை எண்கள். நாடுகள் 30ஆம் வரிசை முதல் 49ஆம் வரிசை வரை இருந்தன; மொத்தம் இருபது. சராசரி காணும் சூத்திரம் 30 முதல் 44 வரை மட்டுமே எடுத்திருந்தது. பட்டியல் ஆங்கில அகர வரிசையைத் தலைகீழாக்கி அடுக்கப்பட்டிருந்ததால் விடுபட்ட ஐந்து நாடுகள் டென்மார்க், கனடா, பெல்ஜியம், ஆஸ்திரியா, ஆஸ்திரேலியா. சுட்டியை ஐந்து கட்டம் முன்பே விட்டுவிட்ட கை. செய்தித்தாள்கள் பிடித்துக்கொண்டது இதைத்தான்.

2013 ஏப்ரல் 15 அன்று ஹெர்ன்டன், ஆஷ், போலின் மூவரும் சேர்ந்து எழுதிய ஆய்வறிக்கை வெளியானது. பின்னர் அது 2014இல் கேம்பிரிட்ஜ் ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸ் இதழில் கட்டுரையாக வந்தது. அவர்கள் கணக்குப்படி நான்கு பிரிவுகளின் சராசரி வளர்ச்சி 4.2, 3.1, 3.2, 2.2.

கணக்கைக் கையால் போட்டுப் பார்த்தல்

இந்த நிகழ்வின் பெரிய நன்மை, இதைச் சரிபார்க்கக் கணினிகூடத் தேவையில்லை என்பது. ஒரு தாளும் பேனாவும் போதும். மூலக் கட்டுரையின் 90க்கு மேற்பட்ட பிரிவில் இறுதியாக நின்றவை ஏழே நாடுகள்:

| நாடு | 90க்கு மேல் இருந்த ஆண்டுகள் | சராசரி வளர்ச்சி (%) |
|---|---|---|
| கிரீஸ் | 19 | 2.9 |
| பிரிட்டன் | 19 | 2.4 |
| ஜப்பான் | 11 | 0.7 |
| இத்தாலி | 10 | 1.0 |
| அயர்லாந்து | 7 | 2.4 |
| அமெரிக்கா | 4 | −2.0 |
| நியூசிலாந்து | 1 | −7.9 |

கடைசி நெடுவரிசையைக் கூட்டுங்கள். நேர் எண்கள் 9.4, எதிர் எண்கள் −9.9, மொத்தம் −0.5. அதை 7ஆல் வகுத்தால் −0.07. முழுமையாக்கினால் −0.1. உலகத்தைச் சுற்றிய எண் பிறந்தது இங்கேதான்.

முதலில் எக்செல் பிழையைத் திருத்துவோம். விடுபட்ட ஐந்தில் ஆஸ்திரியாவும் டென்மார்க்கும் இந்தத் தரவில் 90 சதவீதத்தைத் தாண்டியதே இல்லை. ஆஸ்திரேலியா, கனடா இரண்டின் 90க்கு மேற்பட்ட ஆண்டுகளும் வேறு காரணத்தால் முன்பே விலக்கப்பட்டிருந்தன. ஆக, சூத்திரத்தை 49 வரை நீட்டினால் புதிதாக வந்து சேர்வது பெல்ஜியம் மட்டும்: 25 ஆண்டுகள், சராசரி 2.6. கூட்டுத்தொகை 2.1 ஆகிறது, 8ஆல் வகுத்தால் 0.26. அதாவது −0.1 என்பது 0.3 ஆகிறது. எதிர்க்குறி போய்விட்டது, அது உண்மை. ஆனால் பள்ளம் பள்ளமாகவேதான் இருக்கிறது. எக்செல் பிழை மட்டும் நடக்காமல் இருந்திருந்தால் கட்டுரையின் செய்தி ஏறத்தாழ அப்படியே நின்றிருக்கும்.

இப்போது நியூசிலாந்தைப் பார்ப்போம். அந்த ஒற்றை ஆண்டு 1951. அந்த ஆண்டில் அந்நாட்டுப் பொருளாதாரம் 7.6 சதவீதம் சுருங்கியது. கோப்பில் எடுத்தெழுதும்போது அது 7.9 ஆகிவிட்டது. நியூசிலாந்தின் கடன் 90க்கு மேல் இருந்தது அந்த ஓர் ஆண்டில் மட்டும் அல்ல. 1946 முதல் 1949 வரையிலும் அப்படித்தான் இருந்தது. அந்த நான்கு ஆண்டுகளின் வளர்ச்சி 7.7, 11.9, −9.9, 10.8. ஐந்தையும் சேர்த்துச் சராசரி கண்டால் 2.6 வருகிறது. −7.9 இருந்த கட்டத்தில் 2.6ஐ எழுதி, மற்ற ஆறு நாடுகளையும் தொடாமல் மறுபடி கூட்டுங்கள்: 10.0. ஏழால் வகுத்தால் 1.4. ஒரு நாட்டின் நான்கு ஆண்டுகள் உள்ளே வந்ததும் பள்ளம் பாதிக்கு மேல் நிரம்பிவிடுகிறது. பெல்ஜியத்தின் 25 ஆண்டுகள் செய்ய முடியாததை இந்த நான்கு ஆண்டுகள் செய்துவிட்டன.

மூன்றாவது, நிறை. மேலே உள்ள அட்டவணையில் பிரிட்டனின் 19 ஆண்டுகளும் ஒரு நாடு, நியூசிலாந்தின் ஓர் ஆண்டும் ஒரு நாடு. இரண்டுக்கும் ஏழில் ஒரு பங்கு. வேறு எதையும் மாற்றாமல், எந்த நாட்டையும் ஆண்டையும் சேர்க்காமல், ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரே நிறை என்று மட்டும் வைத்து நிறையிட்ட சராசரி கண்டால் 71 ஆண்டுகளுக்கு விடை சுமார் 1.7. பிழையே இல்லாத ஓர் இடத்தில், ஒரு தீர்மானத்தை மட்டும் மாற்றியதால் வந்த வித்தியாசம் இது. மூன்று மாற்றங்களில் மிகப் பெரியதும் இதுதான்.

விலக்கப்பட்ட ஆண்டுகளையும் விடுபட்ட நாட்டையும் சேர்த்தால் 71 என்பது 110 ஆகிறது: பெல்ஜியத்தின் 25, ஆஸ்திரேலியாவின் 5, கனடாவின் 5, நியூசிலாந்தின் 4. ஆண்டுக்கு ஒரு நிறை என்றால் விடை 2.2, நாட்டுக்கு ஒரு நிறை என்றால் 1.9.

சராசரிக்குப் பதில் இடைநிலை அளவை எடுத்தால் ஒற்றை எண்ணின் பாதிப்பு இருக்காதே என்று புள்ளியியல் படித்த மாணவர்கள் கேட்பதுண்டு. நல்ல கேள்வி, அதையும் போட்டுப் பார்க்கலாம். ஏழு நாட்டுச் சராசரிகளின் இடைநிலை 1.0. நியூசிலாந்தை 2.6 ஆக்கினால் இடைநிலை 2.4க்குத் தாவுகிறது. ஏழே எண்கள் உள்ள இடத்தில் இடைநிலையும் நமக்குக் கைகொடுப்பதில்லை. இங்கே அடிப்படைச் சிக்கல் எந்தச் சராசரியைத் தேர்ந்தோம் என்பதற்கும் முன்னால் இருக்கிறது. மாதிரி மிகச் சிறியது.

கட்டுரையாசிரியர்களின் பதில்

சில நாட்களுக்குள்ளேயே ரெயின்ஹார்ட்டும் ரோகாஃபும் எக்செல் பிழையை ஒப்புக்கொண்டார்கள். அடுத்த மாதமே திருத்தமும் வெளியிட்டார்கள். மற்ற இரண்டையும் ஒப்புக்கொள்ளவில்லை. விட்ட ஆண்டுகளைத் தங்கள் முடிவுக்கு ஏற்பப் பொறுக்கி விட்டோம் என்ற குறிப்பை அவர்கள் கடுமையாக மறுத்தார்கள். அந்த ஆண்டுகளின் தரவு அப்போது சரிபார்த்து முடியவில்லை என்றார்கள். இதை நம்பாமல் இருக்க எனக்குக் காரணம் எதுவும் இல்லை.

நிறை பற்றிய அவர்களுடைய வாதத்தை மாணவர்கள் அலட்சியமாகக் கடந்துவிடக் கூடாது. ஆண்டுக்கு ஒரு நிறை என்றால், 71 ஆண்டுகளில் 38 ஆண்டுகள் கிரீஸும் பிரிட்டனும்தான். பாதிக்கு மேல் இரண்டே நாடுகளின் கதையாகிவிடும். மேலும் பிரிட்டனின் 1950ஆம் ஆண்டும் 1951ஆம் ஆண்டும் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரண்டு அவதானிப்புகள் அல்ல. ஒரே நாடு, ஒரே போருக்குப் பிந்தைய சூழல், ஒரே கடன். 19 ஆண்டுகளை 19 சாட்சிகளாக எண்ணுவதும் மிகைதான். நாட்டுக்கு ஒரு நிறை என்பது கண்மூடித்தனமான யோசனை அல்ல. ஓர் ஆண்டு மட்டுமே உள்ள நாட்டுக்கும் அதே நிறையைக் கொடுத்தது, அதை வாசகர் கண்ணில் படும்படி சொல்லாதது, இன்னொரு வழியில் கணக்கிட்டால் என்ன வருகிறது என்று பக்கத்திலேயே காட்டாதது ஆகிய மூன்றும்தான் குறை.

ஹெர்ன்டன் குழுவின் எண்களும் கடன் கூடக்கூட வளர்ச்சி குறைவதையே காட்டுகின்றன என்று கட்டுரையாசிரியர்கள் சுட்டிக்காட்டியது சரி. 4.2இலிருந்து 2.2க்கு இறக்கம் இருக்கத்தான் செய்கிறது. இல்லாமல் போனது 90 என்ற விளிம்பு. அந்தக் கடைசிப் பிரிவையே இரண்டாக உடைத்து 90 முதல் 120 வரை, 120க்கு மேல் என்று பார்த்தபோது 2.4, 1.6 என்று வந்தது. 30, 60, 90 என்ற எல்லைகள் இயற்கையில் இருந்தவை அல்ல. ஆய்வாளர்கள் கோடு போட்டார்கள். தொடர்ச்சியான ஓர் அளவைத் துண்டுகளாக வெட்டும்போது வெட்டிய இடத்திலெல்லாம் ஒரு படி இருப்பதுபோலத் தோன்றும். வயதையும் வருமானத்தையும் மதிப்பெண்ணையும் வெட்டி அட்டவணை போடும் ஒவ்வொரு மாணவருக்கும் இது பொருந்தும்.

எது முன், எது பின்

எல்லா எண்களும் சரியாக இருந்திருந்தாலும் ஒரு கேள்வி எஞ்சியிருந்தது. கடன் கூடியதால் வளர்ச்சி குறைந்ததா, வளர்ச்சி குறைந்ததால் கடன் விகிதம் கூடியதா? மொத்த உற்பத்தி வகுக்கும் எண்ணாக இருக்கும்போது, உற்பத்தி சரிந்தாலே விகிதம் ஏறிவிடும். அரசு ஒரு காசுகூடக் கூடுதலாகக் கடன் வாங்கத் தேவையில்லை. அதே ஆம்ஹெர்ஸ்ட் வளாகத்தைச் சேர்ந்த அரிந்திரஜித் துபே 2013 ஏப்ரலிலேயே இதை எளிமையாகச் சோதித்தார். இன்றைய கடன் விகிதம் வரப்போகும் ஆண்டுகளின் வளர்ச்சியோடு கொண்டுள்ள தொடர்பைவிட, கடந்துபோன ஆண்டுகளின் வளர்ச்சியோடு கொண்டுள்ள தொடர்பு வலுவாக இருந்தது.

அமெரிக்காவின் −2.0ஐயும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். அந்த நான்கு ஆண்டுகள் 1946 முதல் 1949 வரை. போர் முடிந்து, படைகள் கலைக்கப்பட்டு, ஆயுதத் தொழிற்சாலைகள் நின்றுபோன காலம். உற்பத்தி சுருங்கியதற்குக் கடன் காரணம் என்று அந்தக் காலத்தை அறிந்த யாரும் சொல்ல மாட்டார்கள். தரவுக் கோப்பில் அது ஒரு கட்டத்தில் உள்ள எதிர் எண். கட்டத்துக்குப் பின்னால் உள்ள வரலாற்றைப் படிக்காமல் சராசரி காண்பது ஆய்வாகாது. துறை அறிவும் முறையியலும் இரண்டு தனித்தனிப் பாடங்கள் என்ற எண்ணத்தோடு பாடத்திட்டம் வகுப்பவர்கள் இந்த ஒரு வரிசையைப் பார்த்தாலே போதும்.

மாணவரின் சொந்தத் திட்டத்துக்கு

ஆய்வுத் திட்டம் எழுதச் சொன்னால் மாணவர்கள் வழக்கமாக மூன்று அத்தியாயங்களை நிரப்பிக் கொண்டுவருகிறார்கள்: சிக்கலின் பின்னணி, முந்தைய ஆய்வுகள், ஆய்வு முறை. மூன்றாவது அத்தியாயத்தில் கருத்தாக்கங்களின் வரையறைகள் இருக்கும். மாதிரி எடுத்தலின் வகைகள் பட்டியலிடப்பட்டிருக்கும். தன் ஆய்வில் யாரை எதற்காக விடப்போகிறார் என்பது மட்டும் இருக்காது. வரையறையை எழுதுவது வடிவமைப்பு அல்ல என்பதை எத்தனை முறை சொன்னாலும் மாணவர் மனத்தில் பதிவதில்லை. ஒரே ஒரு வெளியான எண்ணை மறுபடி உருவாக்கச் சொன்னால் உடனே பதிகிறது. ஏனென்றால் அச்சான கட்டுரையின் முறைப் பகுதியைப் படித்துக்கொண்டு அதன்படி நடக்க முயலும்போதுதான் அதில் எவ்வளவு சொல்லப்படவில்லை என்பது தெரிகிறது. 'தகுதியற்ற பதில்கள் நீக்கப்பட்டன' என்ற வரியை வாசகராகப் படிக்கும்போது கண் நிற்காது. அதைச் செய்துகாட்ட வேண்டியவராகப் படிக்கும்போது கை நின்றுவிடும்: எது தகுதியற்றது?

ஹார்வர்டின் கேரி கிங் 1995லேயே அரசியல் அறிவியலில் இதற்காக வாதாடினார். தம் முதுநிலை மாணவர்களை வெளியான ஆய்வுகளை மீண்டும் செய்ய வைத்தார். ஆம்ஹெர்ஸ்ட் வகுப்பு அந்த மரபில் வந்ததுதான். அமெரிக்கப் பொருளாதாரச் சங்கமும் 2018இல் தன் இதழ்களுக்கெனத் தரவு ஆசிரியர் ஒருவரை நியமித்து, கட்டுரை அச்சேறும் முன்பே எண்களைச் சரிபார்க்கும் வழக்கத்துக்கு வந்தது.

மறுபடி செய்யக் கட்டுரையைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். முழுக் கட்டுரை வேண்டாம். ஓர் அட்டவணை போதும், அதிலும் மையமான ஓர் எண் போதும். தரவு கிடைக்க வேண்டும். தன் சொந்தக் கேள்விக்கு அருகில் உள்ள கட்டுரையாக இருந்தால் உழைப்பு இரட்டிப்புப் பயன் தரும். புகழ்பெற்ற கட்டுரையைக் கவிழ்த்துவிடலாம் என்ற ஆசையில் தேர்ந்தெடுப்பவரை நெறியாளர் தடுக்க வேண்டும். அந்த ஆசை கணக்கைச் சாய்த்துவிடும். ஹெர்ன்டன் தன் தவறைத் தேடித்தான் மூலக் கோப்பு வரை போனார் என்பதை நினைவில் கொள்வது நல்லது.

ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவதற்கும் ஒரு முறை உண்டு. 'உங்கள் தரவை அனுப்ப முடியுமா' என்று மட்டும் எழுதினால் பெரும்பாலும் பதில் வராது. எந்த அட்டவணை, எந்த எண், தான் எந்தத் தரவை வைத்து என்னென்ன செய்தார், தனக்கு வந்த விடை என்ன, எந்த இடத்தில் பிரிகிறது என்று ஒரு பக்கத்துக்குள் எழுத வேண்டும். குற்றச்சாட்டின் தொனி துளியும் இருக்கக் கூடாது. அப்படி எழுத முடிகிற நிலைக்கு வந்த மாணவர், பதில் வராவிட்டாலும், தேவையானதைக் கற்றுவிட்டார்.

அடுத்தது தீர்மானப் பதிவேடு. நான் மாணவர்களிடம் மிகவும் வலியுறுத்துவது இதைத்தான். ஆய்வின் முதல் நாளிலிருந்து ஒரு தனிக் கோப்பு. என்ன தீர்மானித்தோம், வேறு என்ன வழி இருந்தது, ஏன் இதைத் தேர்ந்தோம், தேதி என்ன, கடைசியாக ஒரு நெடுவரிசை: இதைத் தீர்மானித்தபோது முடிவு எப்படி வரும் என்று நமக்குத் தெரியுமா, தெரியாதா. நியூசிலாந்தின் நான்கு ஆண்டுகளை விட்ட நாளில் இந்தக் கடைசி நெடுவரிசையில் 'தெரியாது' என்று ஒரு சொல் எழுதப்பட்டிருந்தால், பிற்காலத்தில் எழுந்த சந்தேகத்துக்கு இடமே இருந்திருக்காது. 'தெரியும்' என்று எழுத நேர்ந்தால் அதிலும் வெட்கம் இல்லை. அந்தத் தீர்மானத்துக்கு மட்டும் இரண்டு வழியிலும் கணக்கிட்டு இரண்டு விடைகளையும் காட்ட வேண்டும், அவ்வளவே. தரவு திரட்டும் முன்பே வெற்று அட்டவணைகளை வரைந்து வைப்பதும், ஆய்வுத் திட்டத்தைப் பொதுப் பதிவகத்தில் முன்கூட்டியே பதிவு செய்வதும் இதே நோக்கத்துக்கான வழிகள். பதிவேடுதான் இவற்றில் எளிது, செலவில்லாதது. யார் அனுமதியும் தேவையில்லை.

நேர்காணலும் களப்பணியும் செய்பவர்கள் இது எண்களோடு புழங்குவோருக்கு மட்டுமான பாடம் என்று நினைக்க வேண்டாம். பேச மறுத்தவர்களை எப்படிக் கணக்கில் கொண்டோம், ஒலிப்பதிவு சரியில்லாத நேர்காணலை விட்டோமா வைத்தோமா, ஒருவர் நீண்ட நேரம் பேசியதையும் இன்னொருவர் சுருக்கமாக முடித்ததையும் எப்படிச் சமன் செய்தோம், எந்தக் கூற்றை எந்தக் கருப்பொருளின் கீழ்ப் போட்டோம் என்று அங்கும் ஒவ்வொரு கட்டத்திலும் சேர்ப்பும் விலக்கும் நிறையும் இருக்கின்றன. நன்றாகப் பேசத் தெரிந்த ஒரே ஒருவரின் மேற்கோள்களே ஆய்வேடு முழுவதும் நிறைந்திருந்தால், அதுவும் ஏழில் ஒரு பங்கு பெற்ற ஓர் ஆண்டுதான்.

கருவி பற்றி ஒரு சொல். விரிதாளில் சூத்திரம் கட்டத்துக்குள் ஒளிந்திருக்கும்; சுட்டியை அங்கே கொண்டுபோனால்தான் தெரியும். ஆர், பைதான், ஸ்டேட்டா போன்ற கணினி மொழிகளில் எழுதும் நிரலில் ஒவ்வொரு படியும் வரிவரியாகக் கண்முன் இருக்கும்; இன்னொருவர் படித்துப் பார்க்கலாம், மறுபடி ஓட்டலாம். ஆதலால் இரண்டாவதையே கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் நிரலிலும் 44 என்று எழுதினால் 44தான். எத்தனை நாடுகள் சேர்ந்தன, எத்தனை ஆண்டுகள் சேர்ந்தன என்று ஒவ்வொரு சராசரிக்கும் பக்கத்தில் எண்ணிக்கையையும் அச்சிடும் பழக்கம் எந்தக் கருவியிலும் வேண்டும். மூலக் கட்டுரையின் கடைசி எண்ணுக்குப் பக்கத்தில் 'நாடுகள் 7, ஆண்டுகள் 71, அவற்றுள் நியூசிலாந்து 1' என்று இருந்திருந்தால் முதல் வாசகரே நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்.

மதிப்பெண் இடும் ஆசிரியர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. மறுபடி செய்து பார்க்கும் பயிற்சிகளில் பெரும்பாலானவற்றில் பரபரப்பாக எதுவும் கிடைக்காது. விடை பொருந்தும், அல்லது பொருந்தாமைக்குக் காரணம் மாணவரின் கோப்பிலேயே இருக்கும். பொருந்திய விடையோடு வரும் மாணவருக்குக் குறைந்த மதிப்பெண்ணும், பிழை கண்டுபிடித்தவருக்கு அதிக மதிப்பெண்ணும் கொடுத்தால் அடுத்த ஆண்டு வகுப்பு முழுவதும் பிழை வேட்டையில் இறங்கிவிடும். எனவே மதிப்பிட வேண்டியது நான்கு தாள்களை: மறுபடி உருவாக்கிய எண், அதை உருவாக்கிய கோப்பு, தீர்மானப் பதிவேடு, எந்தத் தீர்மானத்தை மாற்றினால் விடை அதிகம் அசைகிறது என்று மாணவர் சோதித்து எழுதிய ஒரு பக்கம். நான்காவது தாளைச் சரியாக எழுதிய மாணவரிடம் அதே வாரத்தில் தன் சொந்தத் திட்டத்தின் முதல் வரைவைக் கேட்கலாம்.